துப்பாமல் விழுங்கிய ஒயின்

எங்களுக்குத் திராட்சைக் கொடி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில், வீட்டை ஒட்டிய பெரிய பந்தல். அது என் வீட்டுக்காரருடையது. இன்னொன்று மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு ஏறும் வழியில், பாதி மலையில் சரிவாகக் கிடக்கும் ஒரு துண்டு நிலம். அது என்னுடையது. பாக்கு வியாபாரம் செய்த என் அப்பா என்ன நினைத்து அதை வாங்கினாரோ தெரியாது. புதரும் பாறையுமாகக் கிடந்தது. பாகம் பிரித்தபோது வேறு யாரும் கேட்காததால் எனக்கு வந்தது. நானும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் கூச்சக்காரி. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் கை தூக்கியதில்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் ‘இறங்கணும்’ என்று சொல்ல வாய் வராது. அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஐம்பதை நெருங்கியும் அப்படித்தான்.

அந்த மலைச் சரிவில் மட்டும் நான் வேறு ஆள். பஸ் ஏற ஏறக் காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும், மறுபடியும் அடைக்கும். அந்த இரண்டாவது அடைப்பில் என் நிலம் வரும். இறங்கி நின்றால் எதிர்மலை வரை ஓர் ஆள் கிடையாது. நான் பாட்டுக்குச் சத்தமாகப் பேசுவேன். கொடியைத் திட்டுவேன், குரங்கைத் திட்டுவேன், வீட்டில் திட்ட முடியாதவர்களையும் திட்டுவேன். எதிர்மலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெல்லத் திருப்பிச் சொல்லும்.

கொடி அங்கே போன கதையும் கூச்சத்தில் நடந்ததுதான். ஒரு கவாத்தின்போது என் வீட்டுக்காரர் பந்தலில் வெட்டிப் போட்ட குச்சிகளில் நல்லதாகப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மா, “முருங்கக் குச்சிங்களா கண்ணு?” என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியிருக்குமே என்று தலையாட்டி வைத்தேன். “நமக்கு ரெண்டு குடுத்தீங்கன்னா ஊட்டு முன்னால நட்டுவெப்பேன்” என்றார். கொடுத்துவிட்டேன். இப்போது கட்டபெட்டுப் பக்கம் யாரோ ஒரு வீட்டு வாசலில், முருங்கை என்று நட்ட குச்சியில் பன்னீர் திராட்சை தொங்கிக்கொண்டிருக்கும். நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பேன்.

மீதிக் குச்சிகளைச் சரிவில் நட்டேன். கல்தூண் நட்டுப் பந்தல் போட என்னால் ஆகாது. நாலைந்து கம்பம் ஊன்றிக் கம்பி இழுத்துக் கட்டினேன். முதல்முறை பார்த்ததும் என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏம்புள்ள, துணி காயப்போடறதுக்கா?” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே துணிக்கம்பி.

ஒரே கொடியின் குச்சிதான். ஆனால் மேலே போனதும் அது வேறு பிறவி எடுத்துவிட்டது. கீழே பழம் கறுத்து, அறுத்து, லாரி ஏறிப் போய், கொடி மறுபடி துளிர்க்கிற நேரத்தில்தான் மேலே காய் நிறம் மாறலாமா என்று யோசிக்கும். அடிவாரத்துப் பழம் பெரிது, தோல் மெல்லிசு, வாயில் போட்டால் சர்க்கரைப் பாகு. மேலே பழம் சின்னது, தோல் தடிப்பு, கடித்தால் கறுக்கென்று சத்தம் வரும். நிறம் விரலில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது. முதலில் ஒரு புளிப்பு வந்து கண்ணை மூட வைக்கும். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் பின்னாலேயே ஒரு வாசம் வரும். ரோஜாப் பூவை ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் எப்படியோ, அப்படி. என் வீட்டுக்காரர் அந்த வாசம் வருகிற வரைக்கும் காத்திருக்க மாட்டார். புளிப்பிலேயே துப்பிவிட்டு, “ரசம் வெக்கலாம்” என்பார்.

அதனால்தான் போன வருஷம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். மலையில் கூடாரம் போட்டு ஊர் சுற்ற வருகிறவர்களைத் தங்க வைக்கிறவர்கள் என் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்கள். கொடியை எல்லாம் பிடுங்கிச் சமன் செய்துவிடுவார்களாம். “சும்மா கெடக்கற காடுதானே அம்மணி, குத்தகைக்குக் குடுத்தரலாம். நீயும் இந்த வயசுல மலை ஏறி எறங்கிட்டு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் முழங்காலை நினைத்துத்தான் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது பொங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ஒயின்காரர் வந்தார். எங்களைவிட இளையவர். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்து, தறிச் சத்தம் பிடிக்காமல் மலைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் போய் ஒயின் ஆலை வைத்திருப்பவர். பந்தலைப் பார்க்க வந்தவரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. மோர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் காதில் மட்டும், “மேல இருக்கறதையும் சொல்லுங்க” என்றேன்.

அவர் சத்தமாகவே சொன்னார். “தம்பி, எங்க அம்மணிக்கு மலை மேல ஒரு தோட்டம் இருக்குதுங்க. துணிக்கம்பியில காய்ச்ச பழம். ரசம் வெக்க ஆகும்.”

ஒயின்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “எவ்வளவு உயரத்துல இருக்குதுங்க்கா?” என்று கேட்டார்.

அடிக்கணக்கு எனக்கு எங்கே தெரியும்? கேட்டுவிட்டாரே என்ற பதற்றத்தில், “காது அடைச்சு, தொறந்து, மறுக்கா அடைக்கற எடமுங்க” என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். “போதுமுங்க்கா, அதுக்கு மேல அளவே வேண்டாம்” என்று மோரை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். இரண்டு இடத்துப் பழத்தையும் தனித்தனியாக எடுத்துப்போய், தனித்தனிக் கண்ணாடி ஜாடியில் ஒயின் போட்டுப் பார்க்கிறேன் என்றார். ஒரே கொடி இரண்டு உயரத்தில் அவருக்கும் கிடைத்ததில்லையாம். குத்தகைக்காரர்களுக்குப் பதில் சொல்வதை அதுவரை தள்ளி வைக்கலாம் என்று என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார். “அந்தத் தம்பி குடிச்சுப் பாத்துப்போட்டு நல்லா இருக்குதுன்னா கம்பி இருக்கட்டும். இல்லீன்னா புடுங்கியர்லாம். சரியா?” என்றார். நான் தலையாட்டினேன். முருங்கைக்கு ஆட்டிய அதே தலை.

மாதங்கள் போய், ஒயின் தயார், வந்து குடித்துப் பாருங்கள் என்று போன் வந்தது. சத்தியமங்கலம் போய், திம்பம் வழியாக ஏறுகிற பஸ்ஸைப் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என் வீட்டுக்காரர் என் மேல் சாய்ந்தார், நான் ஜன்னல் மேல் சாய்ந்தேன். எங்கள் இரண்டு பேரில் யாரும் அதுவரை ஒயினை வாயில் வைத்ததில்லை. காலமெல்லாம் திராட்சை பயிரிட்டுவிட்டு இப்படிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் பழம் தட்டில் வைத்துத் தின்கிற பழம்.

ஆலைக்குள் பால் சொசைட்டியில் இருப்பதுபோல உயரமான எவர்சில்வர் தொட்டிகள். குளிர்ச்சியும் புளித்த வாசமுமாக இருந்தது. ஒரு மேஜையில் வெள்ளைத் துணி விரித்துக் கண்ணாடிக் கிளாஸ்கள் வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு எவர்சில்வர் வாளி. பஸ்ஸில் வந்த கை என்று நாங்கள் இருவரும் நேராகப் போய், பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து, அந்த வாளியில் கை கழுவினோம். ஒயின்காரர் ஒரு கணம் பார்த்தார். “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை.

முதலில் நாக்கைப் பழக்க வேண்டும் என்று அவருடைய ஒயினில் மூன்று தந்தார். தாழ்வான வெயில் காட்டில் விளைந்தது ஒன்று, அவருடைய மேட்டுநிலத்தில் விளைந்தது ஒன்று, அதற்கும் உயரே குளிர்ந்த மலையில் விளைந்தது ஒன்று. அவர் ஒரு வாய் எடுத்தார், கொப்பளித்தார், வாளியில் துப்பினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார். “பாவம் புள்ள. அவரு போட்டது அவருக்கே புடிக்கல போல.”

“நாம துப்பீராதீங்க. மனசு நொந்து போயிருவாரு” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்ததைத் துப்புவது என்பது கிடையாது. ஒருமுறை சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பாயசத்துக்குச் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பந்தியும் உட்கார்ந்து வழித்துக் குடித்துவிட்டு, “நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தது. சமைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்ததே அவர்கள் உட்கார்ந்த கடைசிப் பந்தியில்தான். அந்தப் பந்தியில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒயின்காரர் துப்பத் துப்ப, நாங்கள் அவருக்கு ஆறுதலாக இன்னும் அக்கறையாகக் குடித்தோம். கிளாஸ் காலியானதைக் கண்டு அவர் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தோம்.

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். “கீழ பகலும் சூடு, ராத்திரியும் சூடுங்க. பழம் மளமளன்னு இனிச்சுரும், புளிப்பு ஓடிப்போயிரும். மேல அப்படி இல்லீங்க. பகல்ல வெயில் சுள்ளுனு அடிக்கும், அந்த வெயிலுக்குப் பயந்து தோலு தடிச்சுக்கும். நெறம், வாசம் எல்லாம் தோல்லதான் இருக்குது. சாயங்காலம் குளிர் எறங்குனா கொடி தூங்கிரும். புளிப்பு அப்படியே நிக்கும்.”

“அப்ப ஒசரமாப் போகப் போக நல்லதுங்களா?” என்று ஒரு குரல் கேட்டது. யார் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டது நான்தான்.

“அப்படியும் இல்லீங்க்கா. ரொம்ப மேல போனா பழுக்கவே பழுக்காது. பனியில சாம்பல் நோய் வந்து கொத்தோட போயிரும். நடுவுல ஒரு எடம் இருக்குதுங்க, காது ரெண்டாவது தடவ அடைக்கற மாதிரி.”

நான் சிரித்தேன். சின்னதாக ஆரம்பித்தது, நிற்கவில்லை. மேஜை விரிப்பு மெல்ல அலையடித்தது. கன்னம் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ போல இருந்தது. என் வீட்டுக்காரர் தொட்டிகளை எண்ணுவதற்கு முயன்று, ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வர, “நகருதுங்க தம்பி இது” என்று புகார் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்களுடைய இரண்டு கிளாஸ் வந்தது. ஒன்று பந்தல், ஒன்று துணிக்கம்பி. எது எது என்று ஒயின்காரர் சொல்லவில்லை. கிளாஸின் அடியில் காகிதத் துண்டு ஒட்டியிருப்பதாகவும், கடைசியில் தூக்கிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் விவரத்தைச் சொன்னார். “தம்பி, நீங்க சொல்லோணும். நல்லா இல்லீன்னா அந்த மேல இருக்கறதப் புடுங்கியர்லாம்னு பேச்சு.”

ஒயின்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஐயோ, அண்ணா, நான் சொன்னா அது வியாபாரமுங்க. உங்க ஊட்டு விஷயம், நீங்களே சொல்லுங்க.”

இவரா சொல்லப்போகிறார்? புளிப்பு நாக்கில் பட்டாலே ரசம் என்பவரா?

“நானே சொல்றனுங்க. என்ற பந்தல் பழம் எனக்குத் தெரியாதுங்களா?” என்றார். ‘என்ற’, அதாவது என்னுடைய, என்பதை அழுத்திச் சொல்லிவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டார். முதல் கிளாஸில் ஒரு வாய் குடித்தார். உதட்டைச் சப்பினார். இரண்டாவதில் ஒரு வாய் குடித்தார். கண் மூடியது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவருக்குத் துப்ப வழியில்லை. பிறத்தியார் வீடு. விழுங்கியே ஆக வேண்டும். விழுங்கிவிட்டு அப்படியே நின்றார். நின்றவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

“இது!” என்று இரண்டாவது கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். “இதுதானுங்க என்ற பந்தல்! வாசத்தப் பாருங்க. குடிச்சு முடிச்ச பொறவும் வந்துட்டே இருக்குது. இன்னொண்ணு சக்கரத்தண்ணி. பாவம், அம்மணிது. தப்பா நெனச்சுக்காத புள்ள.”

நானும் இரண்டிலும் ஒரு வாய் குடித்தேன். முதல் கிளாஸ் மெத்தென்று இருந்தது. காலையில் பந்தலுக்கடியில் நடக்கும்போது வருமே, அந்த இளஞ்சூடு. எனக்கு அது அவ்வளவு பிடித்தது. இவ்வளவு பிடித்தது என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, முதல் கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். “சக்கரத்தண்ணியா? இதுதானுங்க என்றது! என்ற மலையாட்டமே இருக்குது! புடுங்க உடமாட்டேன், ஆமா!” என்று கத்தினேன். எவர்சில்வர் தொட்டிகள் எதிர்மலையைப் போலவே அதைத் திருப்பிச் சொல்லின.

ஒயின்காரர் கிளாஸின் அடியைப் பாருங்கள் என்று கையைக் காட்டினார். திருப்பினோம். என் கையில் இருந்ததன் அடியில் ‘பந்தல்’ என்று எழுதியிருந்தது. அவர் கையில் இருந்ததன் அடியில் ‘கம்பி’.

என் வீட்டுக்காரர் காகிதத்தைக் கிட்டே வைத்துப் படித்தார், தள்ளி வைத்துப் படித்தார். “எழுத்து மாறிப்போச்சுங்க தம்பி” என்றார்.

“மாறலீங்ணா. நானே ஒட்டுனது.”

பிறகு என் வீட்டுக்காரருக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தம் இல்லாமல் குலுங்கி, தோள் குலுங்கி, கடைசியில் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு வெடித்துச் சிரித்தார். “நான் உன்றத என்றதுங்கறேன். நீ என்றத உன்றதுங்கற” என்று சொல்ல முயன்றார், பாதிக்கு மேல் வரவில்லை. நானும் சிரித்தேன். ஒயின்காரரும் சிரித்தார். ருசி பார்க்கிறவர்கள் போதை ஏறாமல் இருக்கத் துப்பிவிடுவார்கள், நாங்கள் கை கழுவிய வாளி அப்படித் துப்புவதற்குத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு சிரிப்பை நிறுத்த எங்களிடம் வழியே இல்லாமல் போயிற்று.

ராத்திரியானால் திம்பத்துக் காட்டு வழியில் வண்டி விட மாட்டார்கள் என்று அவரே கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். ஏறும்போது வளைவுகள் இடமும் வலமுமாக இருந்தன. இறங்கும்போது மேலும் கீழுமாகவும் இருந்தன. நாங்கள் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம்.

“கீழதுதானுங்க நல்லது. மெத்துன்னு இருக்குது” என்றேன் நான்.

“உனக்கு நாக்கே இல்ல புள்ள. மேலது நிக்குது பாரு, நிமுந்து நிக்குது.”

“ரசம் வெக்கலாமுங்க.”

“என்ற பந்தலப் பத்திப் பேசாத!”

“அது என்ற கம்பிங்க!”

கண்டக்டர் வந்து எங்கள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஏனுங்கம்மா, பேரப்புள்ள எடுக்கற வயசுல பஸ்ல சண்டைங்களா? கொஞ்சம் மெதுவாப் போடுங்க.” என் வாழ்நாளில் சத்தம் போடாதே என்று என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர்தான். நான் அவரைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினேன். பண்ணாரியில் நிறுத்தம் வந்தபோது, இறங்க வேண்டியதே இல்லாவிட்டாலும், “இறங்கறவங்க இருக்காங்க, நிறுத்துங்க!” என்று யாருக்காகவோ கத்தினேன். யாரோ நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

மறுநாள் இருவருக்கும் தலைவலி. கம்பி என்ற சொல்லே எங்கள் வீட்டில் எழவில்லை. அவர் குடித்தபோது சொன்னது, தெளிந்தபோது நிற்குமா என்று எனக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கூடாரக்காரர்கள் போன் செய்தார்கள். என் வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று பேசினார். “வணக்கமுங்க... ஆமாங்க, யோசிச்சோமுங்க... இல்லீங்க, அது ஆகாதுங்க... சும்மா கெடக்கற காடெல்லாம் இல்லீங்க. அங்க திராட்சப் பந்தல் இருக்குது. ஒசரத்துப் பழமுங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியாது. வாசம் குடிச்ச பொறவும் வந்துட்டே இருக்கும்... யாரு போட்டதுங்களா? என்ற பந்தலுங்க அது.”

பால் பொங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, மலைக்கு வைத்திருக்கிற குரலில், போனுக்கு அந்தப்பக்கம் இருந்தவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“ஏனுங்க! அது என்ற பந்தலுங்க!”